நூற்றுவர் தலைவர் யாருடைய பேச்சைக் கேட்டார்?

(தவக்காலம் முதல் ஞாயிறு வானொலி மறையுரை)



தவக்காலத்தின் முதல் ஞாயிறாகிய இன்று, இயேசு பாலைநிலத்தில் சோதிக்கப்பட்ட நிகழ்ச்சியை நற்செய்தியில் கேட்டோம். கல்லை அப்பமாக்கச் சொன்ன சோதனையைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். நோன்புக் காலத்துக்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது. உலக அரசுகளைக் காட்டி ஆசை மூட்டிய சோதனையைப் பற்றி, தேர்தல் வரும் ஆண்டுகளில் தவறாமல் பேசிவிடுகிறோம். நடுவில் எருசலேம் கோவிலின் உச்சி ஒன்று வருகிறது. அதை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம்.

இங்கிருந்து குதித்துப் பார், வானதூதர்கள் உன்னைத் தாங்கிக்கொள்வார்கள் என்கிறது அலகை. அதற்கு ஆதாரமாக 91-ஆம் திருப்பாடலையே எடுத்துக் காட்டுகிறது. நாம் படுக்கப் போகுமுன் வேண்டிக்கொள்ளும் அதே திருப்பாடல்தான். இயேசு குதிக்கவில்லை. தந்தையின் மேல் நம்பிக்கை குறைந்ததாலா? இல்லை. நம்பிக்கை நிறைவாக இருந்ததால்தான், அதைப் பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இல்லாமல் போயிற்று. கடவுளை நம்புவது வேறு, கடவுளைச் சோதிப்பது வேறு. வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதுதான் இதில் உள்ள ஆபத்து.

இதை விளங்கிக்கொள்ள, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு உலகமே பேசிய ஒரு பயணத்தை இன்று எடுத்துக்கொள்வோம். அது உச்சிக்கு ஏறிய பயணமல்ல, கடலின் அடிக்கு இறங்கிய பயணம். சேலம், நாமக்கல் பக்கத்து மக்களாகிய நமக்குக் கடலே கிடையாதே, இது நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் கேட்டால், இது நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றிய பேச்சு என்பது தெரியும்.

1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பல், வட அட்லாண்டிக் கடலில் ஏறத்தாழ 3800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. நம் கணக்கில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு அடி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு ஆயிரம் அடி ஆழ்துளை என்றால் என்ன என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல், அத்தனையும் தண்ணீர். லாரி டயருக்கு நாம் 110 பவுண்டு காற்று அடிக்கிறோம். அந்தக் கடலடியில் தண்ணீர் அழுத்துவது அதைப்போல் ஐம்பது மடங்கு. டயரில் காற்று உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது, அங்கே தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே நெரிக்கிறது.

அந்த ஆழத்துக்கு ஆட்களை அழைத்துச் சென்று டைட்டானிக்கைக் காட்டிவர, அமெரிக்காவின் ஓஷன்கேட் நிறுவனம் டைட்டன் என்ற சிறு நீர்மூழ்கியை உருவாக்கியது. ஓர் இருக்கைக்குக் கட்டணம் இரண்டரை லட்சம் டாலர், நம் பணத்தில் சுமார் இரண்டு கோடி. ஐந்து பேர் உள்ளே போய் அமர்ந்ததும் 17 போல்ட்டுகளால் வெளியிலிருந்து மூடிவிடுவார்கள். உள்ளிருந்து திறக்க வழி கிடையாது.

2023 ஜூன் 18, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிறுவனத்தின் தலைவர் ஸ்டாக்டன் ரஷ் தாமே ஓட்டிச் சென்றார். உடன் சென்றவர்களில் ஒருவர் பிரெஞ்சு ஆழ்கடல் வல்லுநர் போல்-ஆன்றி நார்ஜொலே. டைட்டானிக்குக்கு முன்பே 37 முறை இறங்கியவர். ஒரு பிரிட்டன் தொழிலதிபரும், பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு தந்தையும் அவருடைய 19 வயது மகனும் மற்ற மூவர். அந்த இருக்கை முதலில் தாய்க்காக எண்ணியது. மகன் ஆசைப்பட்டதால் தாய் விட்டுக்கொடுத்திருக்கிறார். இறங்கத் தொடங்கி ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலானபோது மேலே நின்ற கப்பலுடன் தொடர்பு அறுந்தது. நான்கு நாள் தேடினார்கள். உள்ளே காற்று இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று தொலைக்காட்சிகள் எண்ணிக்கொண்டிருந்தன. 22-ஆம் தேதி டைட்டானிக்கின் முகப்பிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தள்ளி உடைந்த பாகங்கள் கிடைத்தன. தொடர்பு அறுந்த அந்தக் கணத்திலேயே ஊர்தி உள்நோக்கி நொறுங்கிவிட்டது. ஐவருக்கும் வலி தெரிந்திருக்காது என்பது ஒன்றே ஆறுதல்.

அந்த வாரத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் போனால் தவறாகும். நான்கு நாட்களுக்கு முன்பு, ஜூன் 14 அன்று, கிரேக்க நாட்டின் பைலோஸ் அருகே அகதிகளையும் பிழைப்புத் தேடிச் சென்றவர்களையும் ஏற்றிய ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. அதில் சுமார் 750 பேர் இருந்ததாகச் சொல்கிறார்கள். உயிர் பிழைத்தவர்கள் 104 பேர். அந்தப் படகிலும் பாகிஸ்தானியர் பலர் இருந்தார்கள், அவர்களிலும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் இல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். உலகம் ஐந்து பேருக்காக நான்கு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பணக்காரர்கள்தானே போகட்டும் என்று டைட்டனில் இறந்தவர்களைக் கேலி செய்தவர்களும் உண்டு, நம் கைப்பேசிக் குழுக்களிலும் அது வந்தது. இரண்டுமே நமக்கு அழகல்ல. உயிர் எல்லாம் ஒரே விலைதான்.

சரி, டைட்டன் ஏன் நொறுங்கியது? அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஈராண்டு விசாரித்து, 2025 ஆகஸ்டில் 300 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை வெளியிட்டது. இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்பது அதன் முடிவு. ஆழ்கடலுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஊர்திகள் பெரும்பாலும் எஃகிலோ டைட்டானியத்திலோ உருண்டையாகச் செய்யப்படுபவை. உருண்டையில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். டைட்டனின் நடுப்பகுதியோ கார்பன் இழையைப் பசையுடன் சுற்றிச் செய்த நீள உருளை. அதன் இரு முனைகளிலும் டைட்டானிய வளையங்களை ஒட்டியிருந்தார்கள். எடை குறைவு, செலவும் குறைவு, ஆட்களும் கூடுதலாக உட்காரலாம். ஆனால் ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் அந்த இழை அடுக்குகள் உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகக்கூடும். வெளியே பார்த்தால் தெரியாது.

2022 ஜூலையில் ஒருமுறை மேலே வரும்போது படார் என்று பெருஞ்சத்தம் கேட்டது. அதன்பின் உருளையில் பொருத்தியிருந்த உணரிகள் காட்டிய அளவுகளே மாறிவிட்டன. அடுக்கு விட்டுப்போன சத்தம் அது என்று விசாரணையில் பிறகு சொன்னார்கள். சுமை வண்டி ஓட்டும் நம் சகோதரர்களுக்கு இது புரியும். பாரத்தோடு மேடு ஏறும்போது அடியில் டக் என்று ஒரு சத்தம் கேட்டால், பாட்டை நிறுத்திவிட்டு இறங்கிப் பட்டையைப் பார்க்காத ஓட்டுநர் நாமக்கல்லில் இருக்கிறாரா? டைட்டனை அந்தக் குளிர்காலம் முழுவதும் கனடாவில் திறந்த வெளியில், உறைபனியில் நிறுத்தி வைத்திருந்து, அடுத்த கோடையில் மீண்டும் ஆட்களை ஏற்றினார்கள்.

அதைவிட நம் மனத்தை உறுத்துவது வேறு. லாரி வைத்திருப்பவர்களுக்கு எப்.சி. என்றால் என்ன என்று தெரியும். நாமக்கல்லில் புல்லட் டேங்கர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். காஸ் ஏற்றும் அந்தத் தொட்டியை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதித்துக் காட்டாமல் ஓட்ட முடியாது. ஆழ்கடல் ஊர்திகளுக்கும் அப்படி ஒரு முறை உண்டு. உரிமையாளரைச் சாராத வகைப்பாட்டு நிறுவனங்கள் வரைபடம் முதல் கடைசிப் போல்ட் வரை பார்த்துச் சான்று தருகின்றன. அப்படிச் சான்று பெற்ற ஆழ்கடல் ஊர்திகள் பல பத்தாண்டுகளாக ஆட்களைப் பத்திரமாக மேலே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. டைட்டனுக்கு அந்தச் சான்று இல்லை. நாட்டு எல்லைக்கு அப்பால் நடுக்கடலில் இறங்குவதால் கேட்பாரும் இல்லை. பயணிகள் என்ற சொல்லைக்கூடத் தவிர்த்து, அவர்களுக்கு ஆய்வுப்பணி வல்லுநர் என்று பட்டம் கொடுத்து, மரணம் நேரலாம் என்று பல இடங்களில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

யாரும் எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார்கள். 2018 தொடக்கத்தில் அந்த நிறுவனத்தின் கடற்பணிப் பொறுப்பாளராக இருந்த டேவிட் லாக்ரிட்ஜ், ஊர்தியில் உள்ள குறைகளை எழுதிக் கொடுத்தார். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர்மேல் வழக்கும் தொடுத்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் இத்துறையின் வல்லுநர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து, சான்று பெறாமல் ஆட்களை ஏற்றுவது பெரும் கேட்டில் முடியக்கூடும் என்று கடிதம் எழுதினார்கள். ஓர் அளவுக்கு மேல் பாதுகாப்பு என்பது வீண் செலவு என்ற கருத்தை ரஷ் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அவரை ஏமாற்றுக்காரர் என்று நாம் சொல்லவில்லை. தாம் செய்த ஊர்தியில் தாமே ஏறினார், தம் உயிரையும் அதில் வைத்தார். ஆனால் ஒருவர் மனமார நம்புகிறார் என்பது அந்தப் பொருளுக்குச் சான்று ஆகாது. உண்மையாக நம்புகிறவர் பின்னால்தான் நாமும் யோசிக்காமல் ஏறிவிடுகிறோம்.

திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் ஒருமுறை படித்துப் பாருங்கள். பவுலடிகளாரைக் கைதியாக உரோமைக்குக் கொண்டு போகிறார்கள். காவலுக்கு யூலியு என்ற நூற்றுவர் தலைவர். நல்ல மனிதர், பவுலிடம் பரிவாக நடந்துகொண்டவர். கப்பல் கிரேத்துத் தீவை அடையும்போது நோன்பு நாள் கழிந்து, கடல் கொந்தளிக்கும் பருவம் தொடங்கிவிட்டது. இனிப் போனால் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்ல, உயிருக்கும் கேடு என்கிறார் பவுல். நூற்றுவர் தலைவர் பவுலின் பேச்சை விடக் கப்பலோட்டியின் பேச்சையும் கப்பல் உரிமையாளரின் பேச்சையும்தான் நம்பினார் என்று லூக்கா எழுதுகிறார். அதோடு நிறுத்தாமல், தெற்கிலிருந்து காற்று மெல்ல வீசியதும் எண்ணியது கைகூடிவிட்டது என்று நினைத்துப் புறப்பட்டார்கள் என்றும் சேர்க்கிறார். தென்றலைப் பார்த்துக் கிளம்பினார்கள்! சற்று நேரத்தில் வடகிழக்கிலிருந்து சூறைக்காற்று மோதியது. கப்பலில் இருந்தவர்கள் 276 பேர்.

இந்த இடத்தில் நமக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மே மாதம், நம் பங்கிலிருந்து வேளாங்கண்ணித் திருப்பயணத்துக்கு ஒரு பேருந்து பேசினோம். வாடகை மற்ற வண்டிகளை விட ஆறாயிரம் குறைவு. புறப்படும் இரவு, கோவில் வாசலில் வண்டியை மந்திரிக்கத் தீர்த்தத்தோடு நின்றோம். இருபது ஆண்டு லாரி ஓட்டிய நம் பங்கு மக்களில் ஒருவர், கைப்பேசி வெளிச்சத்தில் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "சாமி, இந்த வண்டி வேண்டாமுங்க. பின்னால உள்பக்க டயரைப் பாருங்க, கம்பி தெரியுதுங்க" என்றார். வண்டிக்காரர், "போன வாரம்தானுங்க பழனிக்குப் போய்ட்டு வந்துச்சு" என்றார். ஐம்பத்திரண்டு பேர் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. செபமாலை தொடங்கியாகிவிட்டது. புறப்படும் நேரத்தில் அபசகுனமாகப் பேச வேண்டாம், மாதா பார்த்துக்கொள்வார் என்று அவரிடம் சொன்னோம். அப்படிச் சொன்னவர்களில் பங்குத்தந்தையும் உண்டு என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. தம் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கீழே இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பேருந்துக்குள் சிலர் சிரித்தார்கள்.

தஞ்சாவூர் தாண்டி, விடியற்காலையில் அந்த டயர் வெடித்தது. வண்டி சாலையை விட்டு இறங்கி ஒரு கருவேல மரத்தில் உரசி நின்றது. ஒரு பாட்டிக்கு மணிக்கட்டு முறிந்தது, மற்றபடி எல்லாருக்கும் சிராய்ப்புதான். மாதா காப்பாற்றினார் என்று நாம் எல்லாரும் சாட்சி சொன்னோம். காப்பாற்றினார், அதில் நமக்கு ஐயமே இல்லை. ஆனால் அதற்கு முந்தின இரவே, கோவில் வாசலில், அந்த லாரி ஓட்டுநரின் வாய் வழியாக அவர் நம்மைக் காப்பாற்றப் பார்த்தாரே, அதை ஏன் சாட்சியில் சேர்க்கவில்லை?

போன வாரம் போய்விட்டு வந்தது என்பது சோதனை ஆகாது. டைட்டனும் அதற்கு முன்பு பலமுறை டைட்டானிக் வரை போய் வந்ததுதான்.

குருமடத்தில் முன்மதி என்ற நற்பண்பைப் படிக்கும்போது, அது கிழவர்களுக்கான பாடம் என்று நமக்குத் தோன்றியதுண்டு. நீதி, துணிவு இவற்றைப் போல அதில் கவர்ச்சி இல்லை. புனித தோமா அக்குவினார் முன்மதியின் கூறுகளைப் பட்டியலிடும்போது, பிறர் சொல்லிக் கற்றுக்கொள்ளும் மனத்தையும் அதில் சேர்க்கிறார். எவரும் எல்லாவற்றையும் தாமே அறிய முடியாது, அறிந்தவரிடம் கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. எதிர்நோக்குக்கு எதிரான பாவங்கள் இரண்டு என்று திரு அவை கற்பிக்கிறது. ஒன்று அவநம்பிக்கை. மற்றது மிகைத் துணிவு. முதலாவதைப் பாவசங்கீர்த்தனத்தில் அடிக்கடி கேட்கிறோம். இரண்டாவதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டவர்கள் அரிது. அதை நாம் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருப்பதால் இருக்கலாம்.

ஆழத்துக்கே போகக் கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலில் இறங்குகிறவர்கள் ஆண்டவரின் வியத்தகு செயல்களைக் காண்கிறார்கள் என்று திருப்பாடல் ஆசிரியரும் பாடியிருக்கிறார். (யோனாவை மட்டும் இதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது, அவர் கட்டணம் கொடுத்தது தர்சீசுக்குத்தான், மீனின் வயிற்றுக்கல்ல.) நம் சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு செல்ல மத்ஸ்யா 6000 என்ற ஊர்தியை அங்கே உருவாக்கி வருகிறார்கள். டைட்டானிக் கிடக்கும் ஆழத்தை விட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆட்கள் அமரும் பகுதி 2.1 மீட்டர் விட்டமுள்ள உருண்டை, சுவர் 80 மில்லிமீட்டர் கனமுள்ள டைட்டானியக் கலவை. பயணம் 12 மணி நேரம். ஏதாவது சிக்கல் என்றால் 96 மணி நேரம் தாக்குப்பிடிக்க ஏற்பாடு.

அவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று பாருங்கள். 2021-இல் எஃகு உருண்டை ஒன்றை ஆளே இல்லாமல் வங்கக் கடலில் 600 மீட்டர் இறக்கிப் பார்த்தார்கள். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஊர்தியைச் சில மீட்டர் தண்ணீரில் மட்டும் இறக்கிச் சோதித்தார்கள். அடுத்தது 500 மீட்டர், ஆறாயிரம் அதற்குப் பிறகுதான். நம் ஆட்களுக்கு ஆழம் பழக வேண்டும் என்பதற்காக 2025 ஆகஸ்டில் நாட்டில் என்ற பிரெஞ்சு ஊர்தியில் இருவரை அட்லாண்டிக்கில் இறக்கினார்கள். ஒருவர் 4025 மீட்டரும் மற்றவர் 5002 மீட்டரும் போய் நலமாக மேலே வந்தார்கள். நாற்பது ஆண்டுகளாகக் கடலில் இறங்கும் ஊர்தி அது. டைட்டனில் இறந்த நார்ஜொலே 1987-இல் முதன்முதலாக டைட்டானிக்கைப் பார்க்கச் சென்றதும் இதே நாட்டிலில்தான். அவ்வளவு அனுபவம் உள்ளவரும் கடைசியில் சான்றில்லாத ஊர்தியில் ஏறினார் என்பதை நினைக்கும்போது, நம் பேருந்தில் ஏறிய ஐம்பத்திரண்டு பேரை எப்படிக் குறை சொல்வது? மத்ஸ்யா தள்ளிப்போகிறது, இன்னும் தள்ளிப்போகிறது என்று செய்தித்தாளில் எழுதுகிறார்கள். தள்ளிப்போகட்டும். உள்ளே அமரப் போகிறவர்களுக்கும் வீட்டில் தாய் இருக்கிறார்.

பவுலடிகளாரின் கதையை முடிக்காமல் விட்டோம். பதினான்கு இரவுகள் கப்பல் அலைக்கழிந்தது. என் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்று பவுல் ஒரே ஒருமுறை சொல்லிக்காட்டுகிறார். அதன்பின் அவர்களைத் தேற்றி, அப்பத்தைப் பிட்டுத் தாம் உண்ணத் தொடங்கி அவர்களையும் உண்ண வைக்கிறார். நடுவே கப்பலோட்டிகள் சிறு படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்க்கிறார்கள். பவுல் அதைக் கண்டு நூற்றுவர் தலைவரிடம் சொல்கிறார். இந்த முறை உரிமையாளரையோ ஓட்டியையோ யாரும் கேட்கவில்லை. படைவீரர் உடனே கயிற்றை அறுத்துப் படகை விட்டுவிடுகிறார்கள். கப்பல் போயிற்று. 276 பேரும் கரை சேர்ந்தார்கள்.

நம் பங்கில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மந்திரிக்க வரும் வண்டி எதுவானாலும் முதலில் எப்.சி. தாளைக் காட்ட வேண்டும். பங்குப் பேரவையில் உள்ள ஓட்டுநர் இருவர் டயரையும் பிரேக்கையும் பார்த்த பிறகுதான் தீர்த்தம். முதல் வாரம் ஒரு பெரியவர், "ஏனுங்க சாமி, தண்ணி தெளிக்கறீங்களா, ஆர்.டி.ஓ. வேலை பாக்கறீங்களா?" என்று எல்லார் முன்னும் கேட்டுவிட்டார். சிரித்தோம். அவருடைய வண்டியில் பின் விளக்கு எரியவில்லை. அடுத்த ஞாயிறு சரிசெய்துகொண்டு வந்தார்.

வரும் மே மாதம் மீண்டும் வேளாங்கண்ணிக்குப் புறப்படுகிறோம். அன்று வீட்டுக்குத் திரும்பிப் போன அந்தச் சகோதரர் அதன்பின் எந்தத் திருப்பயணத்துக்கும் வந்ததில்லை. சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போனோம். அன்று செய்தது தவறு என்று சொல்லி, இந்த முறை குடும்பத்தோடு வர வேண்டும் என்று கேட்டோம். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். அவர் சற்று நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல வண்டியக் கொண்டாந்து நிறுத்துங்க சாமி, பாத்துக்கறனுங்க. வர்றமா இல்லையான்னு அப்புறஞ் சொல்றனுங்க."